முப்பது வீதக் கோடு: காயமடைந்த அமெரிக்கச் சிப்பாய் கையொப்பமிடுவதற்கு முன்

முதுகு எவ்வளவு தூரம் முன்னால் வளைகிறது என்பதை அளக்க ஒரு சிறிய கருவி இருக்கிறது. பாடசாலையில் நாம் பாவித்த கோணமானியின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்பவர் முன்னே குனிகிறார். வைத்தியர் கருவியைப் பிடித்துப் பாகையைக் குறித்துக்கொள்கிறார். ஆரோக்கியமான கீழ்முதுகு 90 பாகை வரை வளையும். காயத்தினால் அமெரிக்க இராணுவத்தை விட்டு வெளியேறவிருக்கும் ஒரு சிப்பாய்க்கு, முதுகைத் தவிர வேறு குறைபாடு எதுவும் கணக்கில் இல்லாத நிலையில், அந்தக் கருவி 35 பாகை என்று காட்டினால் அவர் ஒருமுறை வழங்கப்படும் ஒரு தொகையுடன் வீட்டுக்குப் போவார். 30 பாகை என்று காட்டினால் அவருக்கு ஓய்வூதியம் உண்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்புறுதி உண்டு. இடையில் இருப்பது ஐந்து பாகை.

முடிவு ஒரு படிவமாக அவர் கைக்கு வரும். ஏற்றுக்கொள்கிறேன், ஏற்கவில்லை என்று தெரிவுகள் அதில் இருக்கும். பதிலளிக்க வழமையாகப் பத்து நாட்கள் வரைதான். கையொப்பமிட்டால் சில வாரங்களில் சீருடையைக் கழற்றிவிட்டு வீடு போகலாம். மறுத்தால் இன்னும் பல மாதங்கள் முகாமில் காத்திருக்க வேண்டிவரலாம். காயத்தோடு ஏற்கனவே ஒரு வருடம் காத்திருந்து களைத்துப்போனவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இராணுவம் என்ற சொல்லை நாம் எந்த நினைவுகளோடு வாசிப்போம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு நாட்டு இராணுவத்தின் சிப்பாய் எத்தனை வீதம் பெறுகிறார் என்பது நமக்கு ஏன் என்ற கேள்வியும் நியாயமானதே. இரண்டு காரணங்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத, ஆனால் சட்டபூர்வமாக அங்கே வசித்த வெளிநாட்டவர்களை, அவர்களது மொழித்திறனுக்காகவோ மருத்துவத் திறனுக்காகவோ படையில் சேர்த்துக்கொண்ட 'மவ்னி' என்ற திட்டம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. விரைவான குடியுரிமைதான் அதன் கவர்ச்சி. அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. 2016இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகளோ இன்றும் படையில் சேரலாம். ஆகவே இது முற்றிலும் அந்நியர் விவகாரம் அல்ல. மற்றையது, உடம்பில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். காயத்தைப் படிவத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, முகம் தெரியாத யாரோ அதற்கு ஒரு பெறுமதி போடும்வரை காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எண்களும் சட்டங்களும் வேறு. அந்தக் காத்திருப்பு ஒன்றுதான்.

ஒரு முடிவல்ல, இரண்டு முடிவுகள்

2007 பெப்ரவரியில் 'வோஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை, தலைநகரில் இருந்த வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையின் நிலையை அம்பலப்படுத்தியது. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் காயங்களுடன் திரும்பியவர்கள் பூஞ்சணம் பிடித்த சுவர்களுக்கும் எலிகளுக்கும் நடுவே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். சில வாரங்களில் இராணுவச் செயலாளர் பதவி விலகினார். பூஞ்சணம்தான் தலைப்புச் செய்தியானது. ஆனால் அங்கிருந்தவர்களை அதைவிட அதிகமாக வதைத்தது காகிதம். இராணுவம் ஒரு தடவை பரிசோதித்து ஒரு வீதம் போடும். வெளியேறிய பின் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் மறுபடி பரிசோதித்து வேறொரு வீதம் போடும். அதே காயத்துக்கு இராணுவம் 10 என்றால் திணைக்களம் 40 என்று சொல்வதும் நடந்தது. இராணுவத்தின் எண் குறைவாக இருந்ததற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. 30 வீதத்துக்குக் கீழே நிறுத்தினால் வாழ்நாள் ஓய்வூதியம் கொடுக்கவேண்டியதில்லை.

அந்த அவமானத்தின் விளைவாக 2007 நவம்பரில் ஒரு புதிய முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2011இல் எல்லா இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது பரிசோதனை ஒன்றுதான். வீதத்தைப் போடுவது திணைக்களம். இராணுவம் அதை ஏற்கவேண்டும். இதுவரை சரி. ஆனால் ஒரு கேள்வி மட்டும் இன்றும் இராணுவத்தின் கையிலேயே இருக்கிறது. சிப்பாயின் எந்தெந்தக் குறைபாடுகள் அவரைச் சேவைக்குத் தகுதியற்றவராக்குகின்றன என்பதே அது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு சிப்பாய்க்கு முதுகுவலி, காலுக்கு இறங்கும் நரம்புவலி, தலையிடி, காதிரைச்சல், முழங்கால் என்று ஐந்து பிரச்சினைகள் இருக்கலாம். திணைக்களம் ஐந்துக்கும் வீதம் போடும். எல்லாம் சேர்ந்து 70 வீதம் என்று வரலாம். இராணுவச் சபையோ முதுகு ஒன்றுதான் இவரைச் சேவைக்குத் தகுதியற்றவராக்குகிறது என்று சொல்லி, அதற்குரிய 20 வீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவர் கைக்கு வரும் கடிதத்தில் 70 என்றும் இருக்கும், 20 என்றும் இருக்கும். 70ஐப் பார்த்து ஆறுதலடைந்து கையொப்பமிடுபவர்கள் உண்டு. அவருடைய இராணுவ நிலையைத் தீர்மானிப்பது அந்த 20தான்.

கோட்டின் இரு பக்கமும்

20 வருடச் சேவை முடிக்காத ஒருவருக்கு இராணுவ வீதம் 30 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஓய்வு. 20 அல்லது அதற்குக் கீழே என்றால் அது விலக்கல். ஒருமுறைக் கொடுப்பனவு மட்டும் கிடைக்கும்.

அந்தக் கொடுப்பனவின் கணக்கு எளிது. இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கவேண்டும். மாதம் 3,000 டொலர் சம்பளத்தில் ஆறு வருடம் சேவை செய்தவருக்கு 36,000 டொலர். சேவைக்காலம் குறைவாக இருந்தாலும் குறைந்தது மூன்று வருடங்களாகவும், போர்வலயத்தில் வந்த காயம் என்றால் குறைந்தது ஆறு வருடங்களாகவும் கணக்கெடுப்பார்கள். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். ஒரு வாகனம், ஒரு வீட்டுக்கான முற்பணம்.

ஆனால் காயம் போர்வலயத்திலோ போருடன் தொடர்புடைய நடவடிக்கையிலோ ஏற்படவில்லை என்றால், அந்தப் பணம் பெரும்பாலும் கடன்தான். அதே குறைபாட்டுக்காகத் திணைக்களம் மாதாமாதம் கொடுக்கவேண்டிய நட்டஈட்டை, அந்தத் தொகை கழியும்வரை பிடித்துவைத்துக்கொள்ளும். பயிற்சி முகாமில் பாரவூர்தியிலிருந்து விழுந்து முதுகு உடைந்தவர் இந்த வகைக்குள்தான் வருவார். போர்வலயக் காயத்துக்கு இந்தக் கழிப்பு இல்லை. போர்க்காயத்துக்கான கொடுப்பனவுக்கு வரியும் இல்லை. வரி இல்லை என்பது சட்டமாக இருந்தும் 1991க்குப் பிறகு பலரிடமிருந்து தவறுதலாக வரி பிடிக்கப்பட்டிருந்தது. அதைத் திருத்த 2016இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 2018இல் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படையினருக்கு, உங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று கடிதம் போனது. உலகின் மிகப் பணக்கார இராணுவத்தின் கணக்காளர்களும் பிழை விடுவார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

கோட்டின் மறுபக்கம் ஓய்வூதியம். மிகக் கூடுதலாகச் சம்பளம் பெற்ற 36 மாதங்களின் சராசரியை எடுத்து, அதில் இராணுவ வீதத்தின் அளவோ, சேவை வருடங்களுக்கு ஏற்ப வரும் வீதமோ, எது கூடியதோ அது. மேல் எல்லை 75 வீதம். மேலே சொன்ன சிப்பாயின் சராசரி 3,000 என்று வைத்தால், 30 வீதத்துக்கு மாதம் 900 டொலர்.

இதைக் கேட்டதும் 36,000ஐ 900ஆல் பிரித்து, நாற்பது மாதத்தில் சமன், அதன்பின் இலாபம் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு பிழையானது. 20 வருடச் சேவை இல்லாதவர் திணைக்களத்தின் நட்டஈட்டைப் பெறும்போது, அதே அளவு தொகை இராணுவ ஓய்வூதியத்திலிருந்து கழிக்கப்படும். திணைக்களத்தின் மொத்த வீதம் 70 என்றால் அந்த நட்டஈடே 900ஐத் தாண்டிவிடும். ஓய்வூதியம் பூச்சியமாகும். போருடன் தொடர்புடைய காயம் என்றால் ஒரு விசேட கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். போரில் காயமடைந்தவர்களுக்கு இந்தக் கழிப்பை முற்றாக நீக்கவேண்டும் என்று, புற்றுநோயால் இறந்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டாரின் பெயரில் ஒரு சட்டமூலம் காங்கிரஸில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டு வந்திருக்கிறது.

அப்படியானால் 30 வீதத்துக்காகப் போராடுவது எதற்கு? பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை, 'ட்ரைகெயார்' என்ற இராணுவ மருத்துவக் காப்புறுதி. வெளியேறிய சிப்பாயைத் திணைக்களத்தின் வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும். ஆனால் திணைக்களம் சாதாரணமாக மனைவியையும் பிள்ளைகளையும் பார்ப்பதில்லை. நிரந்தரமான முழு இயலாமை போன்ற நிலைகளில் மட்டும்தான் அவர்களுக்கும் உதவி உண்டு. அமெரிக்காவில் அரச வைத்தியசாலைக்குப் போய்த் துண்டு எடுத்து வரிசையில் நின்றால் இலவச மருந்து கிடைக்கும் என்ற நமது ஏற்பாடு கிடையாது. ஒரு பிரசவம், பிள்ளைக்கு ஒரு சத்திரசிகிச்சை, ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதும். ஓய்வுபெற்றவருக்கும் துணைக்கும் உரிய வயது வரையில் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் அந்தக் காப்புறுதிக்குத்தான் உண்மையான பெறுமதி. 900 டொலரைப் பார்த்து முடிவெடுப்பவர் பிழையான இடத்தைப் பார்க்கிறார்.

இருபதும் பத்தும் முப்பது

வீதங்களைக் கூட்டும் முறையையும் விளங்கிக்கொள்ளவேண்டும். முழு மனிதன் 100 வீதம் என்று தொடங்குவார்கள். முதுகுக்கு 20 வீதம் போனால் மீதி 80. நரம்புவலிக்கு 10 வீதம் என்றால், அந்த 80இல் 10 வீதமான 8 கழியும். மொத்தம் 28. அதைக் கிட்டிய பத்துக்குக் கொண்டுபோனால் 30.

ஆக, 20 வீத முதுகோடு கோட்டுக்குக் கீழே நிற்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதுகின் வீதத்தை உயர்த்துவது. இது கடினம். கீழ்முதுகுக்கான அட்டவணையில் 30 என்ற படியே கிடையாது. 30 பாகைக்கு மேலே 60 வரை வளைந்தால் 20 வீதம், 30 பாகைக்கு மேல் வளையாவிட்டால் 40 வீதம். நடுவில் எதுவுமில்லை. மற்றையது, முதுகோடு சேர்ந்து நரம்புவலியும் தன்னைத் தகுதியற்றவராக்குகிறது என்று இராணுவச் சபையை ஏற்கவைப்பது. நரம்புவலிக்கு மிகக் குறைந்த 10 வீதம் கிடைத்திருந்தாலே போதும், கோட்டைத் தாண்டிவிடலாம்.

இரண்டு வழிகளுக்கும் இரண்டு வெவ்வேறு கதவுகள். வீதம் பிழை என்றால், அதைப் போட்ட திணைக்களத்திடம்தான் மீள்பரிசீலனை கேட்கவேண்டும். சேவையிலிருந்து விலகுவதற்கு முன்னர் அது ஒரு தடவைதான் கிடைக்கும். புதிய மருத்துவ ஆதாரத்தையோ, முடிவில் உள்ள தவறையோ எழுத்தில் காட்டவேண்டும். அதுவும் தகுதியற்றதாகக் காணப்பட்ட குறைபாடுகளுக்கு மட்டும்தான். தகுதி பற்றிய முடிவு பிழை என்றால், இராணுவத்தின் முறைசார்ந்த விசாரணையைக் கோரவேண்டும். முதல் முடிவு கோப்பை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டது. முறைசார்ந்த விசாரணையில் சிப்பாய் சபை முன் தோன்றிப் பேசலாம், சாட்சிகளைக் கொண்டுவரலாம். அரசு நியமிக்கும் சட்டத்தரணி இலவசம். விரும்பினால் சொந்தச் செலவில் வேறொருவரை அமர்த்தலாம். முன்னாள் படையினர் சங்கங்களின் பிரதிநிதிகளும் உதவுவார்கள்.

நரம்புவலி சேர்க்கப்படவில்லை என்று திணைக்களத்திடம் முறையிடுவதும், பாகை பிழை என்று இராணுவச் சபையிடம் வாதாடுவதும் கச்சேரி அலுவலைப் பிரதேச செயலகத்தில் கேட்பது போன்றது. இரண்டு இடத்திலும் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாட்கள் ஓடிவிடும்.

எப்போது மறுக்கலாம், எப்போது விடலாம்

எல்லோரும் எதிர்க்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். இராணுவ வீதம் ஏற்கனவே 50 என்று வந்தவர் அதை 60 ஆக்குவதற்காக மாதங்களைச் செலவழிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. கோட்டைத் தாண்டியாயிற்று, காப்புறுதி உறுதி. கூடிவரும் ஓய்வூதியம் பெரும்பாலும் திணைக்களத்தின் நட்டஈட்டோடு கழிந்துபோகும். திணைக்களத்தின் வீதத்தை வெளியேறிய பின்னரும் கேட்கலாம். முடிவு கிடைத்து ஒரு வருடத்துக்குள் மறுஆய்வோ மேன்முறையீடோ செய்யலாம், நோய் மோசமானால் பின்னரும் கேட்கலாம்.

எதிர்க்காமல் விடக்கூடாதவர்கள், 10 அல்லது 20 வீதத்தோடு கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள். அதிலும் குடும்பம் உள்ளவர்கள், சிகிச்சை தொடரவேண்டிய பிள்ளை உள்ளவர்கள், புறக்கணிக்கப்பட்ட இரண்டாவது குறைபாடு கோப்பில் தெளிவாகப் பதிந்திருப்பவர்கள். ஏனென்றால் வெளியேறிய பின் திணைக்களம் வீதத்தை 100 ஆக உயர்த்தினாலும் இராணுவ நிலை தானாக மாறாது. விலக்கப்பட்டவர் விலக்கப்பட்டவரே. அதன்பின் இராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் சபைக்குத்தான் போகவேண்டும். தவறைக் கண்டுபிடித்து மூன்று வருடங்களுக்குள் என்பது விதி. நீதி வேண்டினால் தளர்த்தலாம் என்றும் இருக்கிறது. ஆனால் பத்து நாட்களுக்குள் இலவசச் சட்டத்தரணியோடு செய்யக்கூடியதை, பின்னர் தனியாளாக, மூடப்பட்ட ஒரு கோப்போடு மல்லுக்கட்டிச் செய்யவேண்டியிருக்கும்.

ஆபத்தும் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. முறைசார்ந்த விசாரணை பழைய முடிவில் ஒரு வரியை மட்டும் திருத்துவதற்காகக் கூடுவதில்லை. முழுவதையும் புதிதாகப் பார்க்கும். இவர் சேவைக்குத் தகுதியானவர்தான் என்றுகூட முடிவெடுக்கலாம். அப்படியானால் ஓய்வூதியமும் இல்லை, கொடுப்பனவும் இல்லை, உடைந்த முதுகோடு மறுபடி கடமை. விசாரணையில் சிப்பாய் சொல்பவையும் அவருக்கு எதிராகத் திரும்பலாம். வாரவிறுதியில் மீன்பிடிக்கப் போனேன் என்ற ஒரு வாக்கியம் போதும். எனவே, கையில் இருப்பதை இழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது இரண்டாவது.

காலமும் ஒரு விலைதான், ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். வழக்கு நடக்கும்வரை முழுச் சம்பளமும் காப்புறுதியும் தொடரும். அதேநேரம் உறுதிசெய்யப்பட்ட வேலையோ பல்கலைக்கழக அனுமதியோ கைநழுவிப் போகலாம். 35,000 டொலர் சம்பளத்துக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்பதற்காகக் காப்புறுதியைக் கைவிடலாமா என்பதை அந்த வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்லவேண்டும். அந்த வேலையோடு மருத்துவக் காப்புறுதியும் வருகிறதா என்று மட்டும் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பிரிவினருக்கு நிலைமை வேறு. காயம் இன்னும் நிலைப்படவில்லை என்று சபை கருதினால் தற்காலிக ஓய்வுப் பட்டியலில் போடும். அங்கே ஓய்வூதியம் குறைந்தது 50 வீதம். போரினால் வந்த மனவடுப் பாதிப்போடு வெளியேறுபவர்கள் பலர் இந்த வழியால்தான் போகிறார்கள். முன்னர் ஐந்து வருடமாக இருந்த அந்தப் பட்டியலின் உச்ச எல்லை 2017 முதல் மூன்று வருடம். இடையில் மறுபரிசோதனை வரும். நிலைமை தேறிவிட்டது என்று 30க்குக் கீழே இறக்கினால் ஓய்வு மறைந்து ஒருமுறைக் கொடுப்பனவாகிவிடும். பட்டியலில் ஏறியவுடன் சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள் இதில்தான் அகப்படுகிறார்கள். கோப்பில் பதிவு இல்லையென்றால் நோய் இல்லை.

"பரவாயில்லை சேர்"

ஆதாரம் என்று வரும்போது, சிப்பாயின் பயிற்சியே அவருக்கு எதிரியாகிறது. வலியைக் காட்டாதே என்று பழக்கப்பட்டவர் பரிசோதனை அறையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னால் முடிந்ததைவிடக் கூடுதலாகக் குனிந்து காட்டுவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை என்பார். காலையில் இரண்டு வலிநிவாரணி போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லமாட்டார். அந்தப் பாகை கோப்பில் ஏறிவிடும். நமது கிளினிக்குகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். வீட்டில் இரவு முழுக்க முனகிவிட்டு, வைத்தியருக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வலி எந்தப் பாகையில் தொடங்குகிறது, வலி கூடும் நாட்களில் எவ்வளவு அசைவு குறைகிறது என்பவற்றையும் பரிசோதிப்பவர் எழுதவேண்டும் என்பது அந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளால் நிலைநாட்டப்பட்ட விடயம். அறிக்கையில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால், அது மீள்பரிசீலனை கேட்க ஒரு நல்ல காரணம். ஒற்றைத் தலையிடிக்கான அளவுகோல் இன்னும் தெளிவானது. வேலை எதுவும் செய்யமுடியாமல் படுக்கையில் வீழ்த்தும் தாக்குதல் சராசரியாக மாதம் ஒரு தடவை வந்தால் 30 வீதம், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் 10. எத்தனை நாள் என்று எழுதிவைத்த ஒரு சாதாரணக் கொப்பி இங்கே ஒரு நிபுணரின் கடிதத்துக்குச் சமமாகலாம். மனைவி எழுதும் வாக்குமூலமும் ஏற்கப்படும்.

தகுதி பற்றிய கேள்விக்கு வேறு வகை ஆதாரம் வேண்டும். அங்கே பாகை முக்கியமல்ல. இவரால் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து நிற்கமுடியுமா, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியுமா, தனது பதவிக்குரிய வேலையைச் செய்யமுடியுமா என்பதே கேள்வி. கட்டளை அதிகாரியின் அறிக்கை இதில் பெரும் பாரம் கொண்டது. முதுகுவலியால் முடியவில்லை என்று மட்டும் அவர் எழுதியிருந்தால், கால் விறைத்து இரண்டு தடவை அணிவகுப்பில் விழுந்ததையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நடந்திருந்தால் மட்டும்.

இத்தனை பாதுகாப்புகளும் சும்மா கிடைத்தவையல்ல. மனவடுப் பாதிப்புக்குச் சட்டம் குறைந்தது 50 வீதம் தொடக்கமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தும், ஈராக்கிலிருந்து திரும்பிய பலருக்கு அதற்குக் குறைவாகப் போட்டு அனுப்பினார்கள். ஏழு பேர் 2008இல் வழக்குப் போட்டார்கள். சாபோ வழக்கு என்று அறியப்படும் அது 2011இல் இணக்கத்துக்கு வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓய்வுபெற்றவர்களாக மாற்றப்பட்டனர். 2012இல் வோஷிங்டன் மாநிலத்தின் மடிகன் இராணுவ வைத்தியசாலையில், மனவடு என்று முன்னர் வைத்தியர்கள் எழுதியதை ஒரு தனிப் பிரிவு மாற்றி எழுதியதாகக் குற்றச்சாட்டு எழுந்து விசாரணை நடந்தது. ஒரு நோய்நிர்ணயம் அரசுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பது அங்கே வைத்தியர்களுக்கு நினைவூட்டப்பட்டது என்பதே அதில் மிகவும் சுட்ட செய்தி.

2001 செப்டெம்பர் 11க்கும் 2009 டிசெம்பர் 31க்கும் இடையில் 20 வீதமோ குறைவாகவோ பெற்று விலக்கப்பட்டவர்களுக்காகக் காங்கிரஸ் ஒரு மீளாய்வுச் சபையை உருவாக்கியது. அந்தச் சபைக்கு வீதத்தைக் கூட்டும் அதிகாரம் இருந்தது, குறைக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 2010க்குப் பின் வெளியேறியவர்களுக்கு அப்படி ஒரு சபை இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்தப் பத்து நாட்களும், மேசையில் கிடக்கும் படிவமும்தான். உங்கள் உறவினரின் பிள்ளை ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக்குக் கையெழுத்து என்று சொன்னால், கடிதத்தில் எத்தனை எண்கள் இருக்கின்றன, அதில் இராணுவத்தின் எண் எது, சட்டத்தரணியைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.